பலகையில் பேசுகிறவருக்குப் பலகையில் பேசுகிற துணை: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

எனக்கு இருபத்திரண்டு வயது ஆகும்வரை, என்னைப் போலப் பேசுகிற இன்னொருவரோடு நான் பேசியதில்லை. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். என் வாயிலிருந்து வருவது அம்மாவுக்கும் தம்பிக்கும்தான் புரியும். மற்றவர்களிடம் பேச, எழுத்து எழுத்தாகத் தொட்டுக் காட்டும் எழுத்துப் பலகை, பிற்பாடு கூடவே போன். பலகையை எந்த உயரத்தில் வைப்பது, எந்த விரலால் காட்டுவது என்றெல்லாம் பயிற்சியாளர்கள் பொறுமையாகச் சொல்லித் தந்தார்கள். ஆனால் அவர்கள் எல்லோரும் வாயால் பேசுகிறவர்கள்.

ஒரு கூட்டத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் என் எதிரே சக்கர நாற்காலியில் வந்து நின்றார். அவர் மடியில் என்னுடையதைவிடத் தேய்ந்துபோன பலகை. 'நீ எ' என்று அவர் காட்டுவதற்குள் நான் முந்திக்கொண்டு என் ஊர்ப் பெயரைக் காட்டத் தொடங்கினேன். அவர் இல்லை என்று கண்ணை மூடித் திறந்துவிட்டு, முதல் எழுத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். 'நீ என்ன படிப்ப? கதையா?' அதுதான் கேள்வி. அப்புறம் பலகையின் மேல் மூலையில் ஒட்டியிருந்த ஒரு துண்டுக் காகிதத்தைத் தொட்டுக் காட்டினார். 'இருங்க, நான் இன்னும் முடிக்கல.'

என் பலகையில் அப்படி ஒன்று இல்லை. அது வேண்டியிருக்கும் என்று வாயால் பேசுகிற யாருக்குத் தோன்றும்? அன்று ராத்திரியே தம்பியை எழுதி ஒட்டச் சொன்னேன். அவரை இன்றுவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன்.

கருவி வாங்க வழி உண்டு, பயிற்சி தர ஆட்கள் உண்டு. ஆனால் அந்தக் கருவியோடு கடைக்குப் போவது, சண்டை போடுவது, ஒரு கூட்டத்தில் நம் முறைக்குக் காத்திருப்பது ஆகியவற்றை அப்படி வாழ்கிறவரிடம்தான் கற்க முடியும். அந்த ஆளைத் தேடிப் பிடிப்பது எப்படி, பிடித்தபின் என்ன செய்வது என்று நான் கற்றுக்கொண்ட வரிசையில் சொல்கிறேன். பலகையோ, படப் புத்தகமோ, பேசும் செயலியோ புதிதாகக் கையில் எடுத்திருப்பவர்களுக்காகவும் அவர்கள் வீட்டாருக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் ஆம், இல்லை

இன்னொருவரைச் சந்திக்கப் போகும் முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். நம் ஊரில் ஆமாம் என்பதற்கும் சரி, பார்க்கலாம் என்பதற்கும் ஏறக்குறைய ஒரே தலையாட்டல்தான். என்னைப் போலத் தலை தானாகவே அசையும் உடம்பு என்றால் தலையாட்டலை நம்பவே முடியாது. கண்ணை மேலே உயர்த்தினால் ஆம், மூடித் திறந்தால் இல்லை. அல்லது வலது கையைத் தூக்கினால் ஆம், முஷ்டி பிடித்தால் இல்லை. எது உங்களுக்குச் சுலபமோ அது. மூன்றாவதாக 'தெரியவில்லை' என்பதற்கும் ஒரு சைகை வேண்டும். இது இல்லாததால் நான் சின்ன வயதில் எத்தனையோ முறை பொய்யாக ஆமாம் சொல்லியிருக்கிறேன்.

இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதிச் சக்கர நாற்காலியிலோ, சட்டைப் பையிலோ, பைக்கு வெளியேயோ தெரியும்படி வையுங்கள். புதியவர் உங்களிடம் பேசும் முன் படிக்க வேண்டியது அதுதான்.

போன் இருந்தாலும் காகிதப் பலகை

போனில் தட்டினால் தமிழிலேயே படித்துச் சொல்லும் குரல் ஆண்ட்ராய்டில் கிடைக்கிறது. படங்களைத் தொட்டால் பேசும் செயலிகளும் உண்டு. சென்னையில் அஜித் நாராயணனும் அவர் குழுவினரும் உருவாக்கிய ஆவாஸ் அவற்றில் ஒன்று. அதற்காக அவரை எம்.ஐ.டி.யின் டெக்னாலஜி ரிவ்யூ இதழ் 2011இல் இளம் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் சேர்த்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் வெயிலில் திரை தெரியாது, வியர்த்த விரலுக்குத் தொடுதிரை கேட்காது, பேட்டரி தீர்ந்தால் வாயும் மூடிவிடும். ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்த ஒரு பலகைக்கு இந்தத் தொந்தரவு எதுவும் இல்லை. மழையில் நனைந்தாலும் துடைத்துவிட்டுப் பேசலாம்.

தமிழ்ப் பலகை செய்வதில் ஒரு சிக்கலும் உண்டு, ஒரு வசதியும் உண்டு. மொத்தம் 247 எழுத்து. அத்தனையையும் ஒரு தாளில் போட்டால் எழுத்து எறும்பாகிவிடும், நடுங்கும் விரலுக்கு எட்டாது. அதனால் உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, இவற்றை மட்டும் போட்டுச் சேர்த்துச் சேர்த்துக் காட்டுவதுதான் வழி. 'அம்மா' என்று சொல்ல அ, ம, ம, ஆ. புள்ளிக்குத் தனிக் கட்டம் வைக்கலாம். நான் வைக்கவில்லை, கேட்பவரே வைத்துக்கொள்வார். ஓலைச்சுவடியில் புள்ளியில்லாமல் எழுதியதைக் காலம் காலமாகப் படித்த மொழிதானே.

வசதி என்னவென்றால், நம் மெய்யெழுத்துகள் ஆறு ஆறாகப் பிரிந்தே இருக்கின்றன. பள்ளியில் மனப்பாடம் செய்த வல்லினம், மெல்லினம், இடையினம்தான். விரலால் காட்ட முடியாதவர்களுக்கு இது பெரிய வரம். எதிரே இருப்பவர் "உயிரா? வல்லினமா? மெல்லினமா? இடையினமா?" என்று கேட்டுக்கொண்டே வருவார். வேண்டியது வந்ததும் கண்ணை உயர்த்த வேண்டும். அப்புறம் அந்த வரிசையில் ஒவ்வொன்றாகச் சொல்வார். 'வலி' என்று சொல்ல: இடையினம், ய, ர, ல, வ, நிறுத்து. மறுபடி இடையினம், ய, ர, ல, நிறுத்து. உயிர், குறில், அ, இ, நிறுத்து. எழுத்தில் பார்க்க நீளம். ஒரு வாரம் பழகினால் கை வந்துவிடும். 1985இல் தொண்டையில் துளையிட்டபின் குரலை இழந்த ஸ்டீபன் ஹாக்கிங்கும் முதலில் இப்படித்தான் பேசினார். எதிரே ஒருவர் எழுத்து அட்டையில் ஒவ்வொன்றாகக் காட்ட, சரியான எழுத்து வரும்போது புருவத்தை உயர்த்துவார். கணினி அதற்குப் பிறகு வந்தது.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும், பக்கவாதத்தால் சொற்களே குழம்பிப்போனவர்களுக்கும் எழுத்துப் பலகை உதவாது. அவர்களுக்குப் படம், புகைப்படம், நாள்காட்டி, ஊர் வரைபடம். ஒருவருக்கு ஒத்துவந்ததை இன்னொருவர் மேல் திணிக்காதீர்கள். துணை நிற்கக் கிளம்பும் எங்களில் பலர் முதலில் செய்யும் தவறு இதுதான். நானும் செய்தேன்.

ஒருவரைக் கண்டுபிடிப்பது

குழு வேண்டாம், கூட்டம் வேண்டாம். முதலில் ஒரே ஒருவர் போதும்.

நம்மைப் போன்றவர்கள் ஒருவரை ஒருவர் தெருவில் சந்தித்துக்கொள்வது அபூர்வம். பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கிறோம். ஆனால் எல்லோரும் எப்போதாவது போய்த்தீர வேண்டிய இடங்கள் சில உண்டு. பிசியோதெரபி அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சு, அடையாள அட்டைக்காக வரிசையில் நிற்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், சிறப்புக் குழந்தைகள் வரும் வட்டார வள மையம். சென்னைப் பக்கம் என்றால் கோட்டூர்புரத்தில் 1985 முதல் இயங்கும் வித்யாசாகர் என்ற மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பு, முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான, நிப்மெட் என்று அழைக்கப்படும் மத்திய அரசு நிறுவனம். வெளியூர் என்றால் உங்கள் பேச்சுப் பயிற்சியாளர்தான் பாலம்.

அவரிடம் "வேறு யார் இருக்காங்க, நம்பர் கொடுங்க" என்று கேட்காதீர்கள். அவர் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் நம் நம்பரையும் யாருக்கோ கொடுப்பார். அதற்குப் பதில் உங்களைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுங்கள். என் சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: 'நான் எழுத்துப் பலகையில் பேசுவேன். கிரிக்கெட், கதைப் புத்தகம் பிடிக்கும். மெதுவாகப் பேசுகிறவர்களோடு பேச ஆசை. வாட்ஸப்பில் எழுதுங்கள்.' கீழே நம்பர். மூன்று மாதம் யாரும் எழுதவில்லை. நாலாவது மாதம் இரண்டு பேர் எழுதினார்கள்.

வயது ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. இங்கிலாந்தில் 2000இல் குடும்பங்கள் சேர்ந்து தொடங்கிய ஒன் வாய்ஸ் என்ற அமைப்பு, கருவியால் பேசும் பெரியவர்களையே குழந்தைகளுக்கு முன்மாதிரியாகக் கூட்டிவந்தது. யோசித்துப் பாருங்கள், பேசும் குழந்தை பிறந்த நாளிலிருந்து பேசும் பெரியவர்களைப் பார்த்து வளர்கிறது. பலகைக் குழந்தை யாரைப் பார்த்து வளரும்?

இரண்டு பேர் சந்திக்கும்போது

முதல் சந்திப்புக்கு ஒரு மணி நேரம் வையுங்கள், அதிகம் வேண்டாம். எழுத்து எழுத்தாகக் காட்டுவது உடம்புக்குக் கடும் வேலை. கழுத்தும் தோளும் வலித்துவிட்டால் அடுத்த முறை வர மனம் வராது.

எதிரெதிரே உட்காருவதைவிட மேசையின் ஒரு மூலையில் பக்கம் பக்கமாக உட்காருவது நல்லது. முகமும் தெரியும், பலகையும் தலைகீழாக இருக்காது. இளம் வயதில் மூளை அழற்சியால் பேச்சை இழந்த இங்கிலாந்துப் பொறியாளர் டோபி சர்ச்சில், 1973இல் தனக்காகவே லைட்ரைட்டர் என்ற தட்டச்சுக் கருவியைச் செய்துகொண்டார். பின்னாளில் அந்தக் கருவிக்கு இரண்டு பக்கமும் திரை, தட்டுபவருக்கு ஒன்று, எதிரே இருப்பவருக்கு ஒன்று. தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துப் படிக்கப்படுகிறவருக்குத்தான் அந்த இரண்டாவது திரையின் அருமை தெரியும்.

உட்கார்ந்ததும் முதல் கேள்வி: "நான் உங்க வார்த்தையை ஊகிக்கலாமா?" சிலருக்கு ஊகித்தால் பிடிக்கும், பாதி எழுத்து மிச்சம். சிலருக்கு உயிர் போகும் கோபம் வரும். எனக்கு வார்த்தையை ஊகித்தால் பரவாயில்லை, வாக்கியத்தை ஊகித்தால் பிடிக்காது. இதைக் கேட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

புரியாவிட்டால் புரிந்த மாதிரி சிரிக்காதீர்கள். வாயால் பேசுகிறவர்கள் எங்களிடம் இதை வாழ்நாள் முழுக்கச் செய்கிறார்கள். நாமும் நமக்குள் செய்யக் கூடாது. "இதுவரை புரிந்தது இது" என்று திரும்பச் சொல்லி, அதற்கு அப்புறம் வந்ததை மட்டும் மறுபடி கேளுங்கள்.

முதல் சந்திப்பில் நோயைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. அண்ணனும் நானும் முதல் நாள் முழுக்கக் கதைப் புத்தகங்களைப் பற்றியே பேசினோம். 'எப்படி ஆச்சு' என்று எல்லோரும் கேட்கும் உலகத்தில், அதைக் கேட்காத ஒருவர் கிடைப்பதே ஓய்வு.

சொற்களைக் கைமாற்றிக்கொள்வது

சக துணை என்றால் ஆறுதல் சொல்வது என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அதன் பெரும்பகுதி சொற்கள்தான்.

பலகையையோ செயலியையோ நமக்கு அமைத்துத் தருவது அம்மா, அப்பா, ஆசிரியர். அன்போடுதான் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் நம் வாயில் வைக்கிற சொற்கள் அவர்களுக்குத் தேவையான சொற்கள்: பசி, தண்ணீர், பாத்ரூம், தூக்கம், நன்றி. எனக்குத் தெரிந்த முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரின் படப் புத்தகத்தில் 'போடா' இல்லை. 'எனக்கு இவரைப் பிடிக்கவில்லை' இல்லை. 'கல்யாணம்' இல்லை. 'சம்பளம்' இல்லை. 'வா' இருந்தது, 'வாங்க' இல்லை. அதனால் அவர் தன் மாமனார் வயதுக்காரரையும் 'வா' என்றுதான் கூப்பிட முடிந்தது. மரியாதை தெரியாத ஆள் என்று பெயர் எடுத்தார். தவறு அவருடையது இல்லை, புத்தகத்துடையது.

எனவே இரண்டாவது, மூன்றாவது சந்திப்பில் பலகைகளை மாற்றி வைத்துப் பாருங்கள். தொடாமல், அவரே பக்கம் பக்கமாகக் காட்டும்படி. அவரிடம் இருந்து உங்களிடம் இல்லாத சொல் எது? ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். எங்கள் குழுவில் இப்படிச் சேர்ந்தவற்றில் சில: 'என்னிடமே கேளுங்க', 'நான் குழந்தை இல்லை', 'சத்தமா பேச வேண்டாம், காது கேட்கும்', 'விளையாட்டுக்குச் சொன்னேன்', 'தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க', 'இந்த வார்த்தை என்கிட்ட இல்ல', 'அப்புறம் என்ன ஆச்சு?' கடைசியில் உள்ளதை மறக்காதீர்கள். அது இல்லாமல் உரையாடல் பதில் சொல்வதோடு நின்றுவிடும்.

படங்களால் பேசுகிறவர்களுக்குத் தமிழில் இன்னொரு கஷ்டம் உண்டு. படம் 'போ' என்று மட்டும் சொல்லும். போனேன், போவேன், போகமாட்டேன், போகலாமா, போகச் சொன்னாங்க, இவை எல்லாம் வாலில் இருக்கின்றன. படத்துக்கு வால் கிடையாது. 'நான், கடை, போ' என்று ஒருவர் காட்டினால் அது கதையா, ஆசையா, புகாரா? அதனால் நேற்று, நாளை, இல்லை, வேண்டும், கேள்வி என்ற ஐந்து படங்களை ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே இடத்தில் வையுங்கள். கேட்பவர் முழு வாக்கியமாக்கித் திரும்பச் சொல்லி ஆமா என்று வாங்கிக்கொள்ள வேண்டும். "நேத்து கடைக்குப் போனீங்களா?" ஆம். இப்படி.

இதே இடத்தில் ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். உடலுறுப்புகளின் பெயர்கள், 'தொட்டாங்க', 'வேண்டாம்னு சொன்னேன்', 'யார்கிட்டயும் சொல்லாதன்னு மிரட்டினாங்க' என்ற சொற்கள் பெரும்பாலான பலகைகளில் இல்லை. பேச முடியாதவர் சொல்லமாட்டார் என்று தெரிந்தே தவறு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டார் இதைச் சேர்க்கத் தயங்குவார்கள். அதனால் நாம் ஒருவருக்கொருவர் சேர்த்துவிட வேண்டும். சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, வாயால் பேச முடியாத சாட்சி எழுத்தாலோ சைகையாலோ புரியும்படி சாட்சி சொல்லலாம் என்கிறது. அப்படிச் சொன்னதை வாய்மொழிச் சாட்சியமாகவே கொள்ள வேண்டும். அதற்கு முந்தைய பழைய சாட்சியச் சட்டத்திலும் இது இருந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகைக் குறைபாடுகளில் பேச்சு, மொழிக் குறைபாட்டையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. 'தொடர்பு' என்ற சொல்லுக்கு அது தரும் விளக்கத்திலேயே நம் பலகையைப் போன்ற மாற்று முறைகளும் அடக்கம். வங்கியிலோ அலுவலகத்திலோ "பேசத் தெரிந்த யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்று யாராவது சொன்னால் காட்டுவதற்கு, இந்த ஒரு பத்தியை அச்சடித்துப் பலகையின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.

குழுவாகக் கூடுவது

நாலைந்து பேர் சேர்ந்ததும் மாதம் ஒரு முறை கூடலாம் என்று தோன்றும். கூடுங்கள். ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாயால் பேசுகிறவர் நிமிடத்துக்கு 150 சொல் வாக்கில் பேசிவிடுவார். எங்களில் பலர் 10 சொல்லைத் தாண்டமாட்டோம். ஒரு மணி நேரம், ஐந்து பேர், ஒருவர் மாற்றி ஒருவர் என்றால் ஆளுக்கு 120 சொல். இந்தப் பத்தியும் அடுத்த இரண்டு பத்திகளும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும்.

அதனால் பேசும் விஷயத்தை நாலு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். சொல்ல வேண்டியதை வீட்டிலேயே தட்டி வைத்துக்கொண்டு வருவார்கள். கூட்டத்தில் அதைப் போன் படிக்கும், மீதி நேரம் கேள்விக்கும் கிண்டலுக்கும். ஆறு பேருக்கு மேல் வேண்டாம். ஏழாவது ஆள் வந்தால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள்.

தயாராக வந்ததால் உயிர்ப்பு போய்விடாதா என்று கேட்பார்கள். போகாது. போவது எதனால் தெரியுமா? ஒருவர் எழுத்துத் தேடிக்கொண்டிருக்கும்போது அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் கூடவந்த அம்மாவோ அப்பாவோ பேச்சை இழுத்துக்கொண்டு போவதால். எங்கள் மூன்றாவது கூட்டத்தில் ஒன்றரை மணி நேரமும் பெற்றோர்தான் பேசினார்கள், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். நாலாவதிலிருந்து பெற்றோருக்கு வேறு இடம், வேறு டீ. முதலில் மனத்தாங்கல் வந்தது. பிறகு அவர்களுக்கே அந்த ஒரு மணி நேரம் பிடித்துப்போயிற்று. அவர்களுக்கும் ஒத்தவர்கள் வேண்டுமே.

உதவியாளர் இல்லாமல் முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு வருகிறவருக்கு ஒரே ஒரு விதி: காட்டியதை மட்டும் படியுங்கள். தன் கருத்தைச் சொல்ல விரும்பினால் கையைத் தூக்கி, "இது நான் சொல்றது" என்று சொல்லிவிட்டுச் சொல்ல வேண்டும். யார் குரல் எது என்று கலங்கிவிட்டால் இந்த வேலைக்கே அர்த்தமில்லை. இதோடு சேர்ந்த எச்சரிக்கை ஒன்று. உதவியாளர் உங்கள் மணிக்கட்டையோ முழங்கையையோ பிடித்துக்கொண்டு எழுத்துகளைக் காட்ட வைக்கும் முறை ஒன்று உண்டு. அப்படி வெளிவருவது பிடித்திருப்பவரின் வார்த்தைகளே என்று சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டின. மாற்றுவழித் தொடர்புக்கான உலகச் சங்கமான ஐசாக் 2014இல் அதற்கு எதிராகத் தன் நிலைப்பாட்டை வெளியிட்டது. பலகையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், கையைப் பிடிக்க விடாதீர்கள்.

இடம் பார்க்கும்போது சாய்தளம் இருக்கிறதா என்று எல்லோரும் கேட்பார்கள். கழிப்பறைக் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழையுமா என்று நீங்கள் கேளுங்கள். மின்விசிறிச் சத்தமும் எதிரொலியும் குறைவாக இருக்க வேண்டும். போனின் குரல் அதில் கரைந்துபோகும். ப்ளக் பாயின்ட் எத்தனை என்று எண்ணுங்கள். டீ, பிஸ்கட்டைப் பேச்சுக்கு நடுவே கொடுக்காதீர்கள். கை ஒன்றுதான், ஒன்று சாப்பிடலாம், அல்லது பேசலாம். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் நம்மில் நிறையப் பேர். யாருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பதை அவரவரிடமே கேளுங்கள். புரையேறுகிறது என்று ஒருவர் சொன்னால், "எனக்கு இப்படிக் குடிச்சா சரியாப் போச்சு" என்று யோசனை சொல்லாதீர்கள். அது மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் பார்க்க வேண்டிய விஷயம்.

வாட்ஸப் குழு பற்றிச் சுருக்கமாக. எங்களுக்கு அது வரப்பிரசாதம், ஏனென்றால் அங்கே எல்லோரும் ஒரே வேகம். எழுத அரை மணி ஆனதா, அரை நிமிடம் ஆனதா என்று யாருக்கும் தெரியாது. மூன்று விதி போதும். 'ஏன் பதில் இல்லை' என்று கேட்கக் கூடாது. குரல் செய்தி அனுப்புகிறவர் எழுத்திலும் போட வேண்டும். இங்கே பேசியது வெளியே போகக் கூடாது, வீட்டாரிடமும்தான். காலை வணக்கப் படங்களை எங்கள் குழுவில் தடை செய்தோம், உங்கள் இஷ்டம்.

பேசிக்கொண்டிருந்து இழந்தவர்கள்

இவர்கள் வரும்போது தனியாகக் கவனியுங்கள். நான் இழந்ததில்லை, எனக்கு இருந்ததே இல்லை. பக்கவாதத்தாலோ, தொண்டைப் புற்றுநோய் அறுவையாலோ, நரம்புகள் மெல்லமெல்லச் செயலிழக்கும் நோயாலோ குரலை இழந்தவரிடம் நான் "பழகிடும்" என்று சொல்வது தப்பு. ஒருமுறை சொன்னேன். அவர் நெடுநேரம் தட்டி எழுதினார்: 'நான் பாட்டு வாத்தியார்.' அதற்கு மேல் அன்று நான் எதுவும் சொல்லவில்லை. முடிந்தவரை இவர்களை, இவர்களைப் போலவே இழந்த ஒருவரோடு சேர்த்துவிடுங்கள்.

குரல் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்தவருக்கு ஓர் உடனடி வேலை இருக்கிறது. இன்றைக்கே போனில் அவருடைய குரலைப் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். அழகான வாக்கியங்கள் வேண்டாம். பேத்தியைக் கூப்பிடும் செல்லப் பெயர், மனைவியைக் கூப்பிடும் விதம், "அடடா", "சரி விடு", தொண்டையைக் கனைக்கும் சத்தம், சிரிப்பு. ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோப்பாக. பிற்பாடு செயலியில் ஒரு பொத்தானுக்குள் அதை வைத்துக்கொள்ளலாம். 'தண்ணீர் வேண்டும்' என்பதை இயந்திரக் குரல் சொல்லிவிட்டுப் போகட்டும்.

யாரும் வராத நாள்

வரும். மழை பெய்யும், ஆட்டோ கிடைக்காது, தூக்கிவிட ஆள் இருக்காது, உடம்பு படுத்தும். எங்கள் ஐந்தாவது கூட்டத்துக்கு நானும், புதிதாக வந்த ஒரு கல்லூரிப் பெண்ணும் மட்டும்தான். அந்தத் தங்கைக்குப் பலகை கிடைத்து ஆறு வாரம். கூட்டத்தை ரத்து செய்யவில்லை. இரண்டு பேருக்கு ஒரு மணி நேரம் என்றால் ஆளுக்கு 300 சொல், அது எங்களுக்குத் தாராளம். நடுவில் ஒரு கட்டத்தில் அவள் எழுத்துத் தேடி நிறுத்த, அடுத்த சொல் எனக்குத் தெரிந்துவிட்டது என்று நான் சட்டென்று காட்டிவிட்டேன். தவறான சொல். அவள் என் பலகையின் மேல் மூலையை எட்டித் தொட்டாள்.